ஒற்றைப் பூட்டு

பன்னிரண்டு இருபது. பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். கைக்குட்டைக்குப் பதிலாகப் பூட்டு வந்தது. சிவப்புப் பூட்டு, என் பெயர் எழுதி ஒட்டிய பூட்டு. வேலை முடிந்துவிட்டால் அது என் பையில்தான் இருக்க வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் அதைக் கையில் பிடித்த நொடியிலேயே ஒரு கேள்வி எழுந்தது. மொட்டைமாடி மெஷின் ரூமில் இதைக் கழற்றினேனே, அப்போது பக்கத்தில் இன்னொரு பூட்டு தொங்கியதா?

தொங்கவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். மெயின் சுவிட்ச், அதன் கைப்பிடி, கைப்பிடியில் என் பூட்டு. ஒரே ஒரு பூட்டு. அதைத்தான் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கீழே லிஃப்ட் குழிக்குள் ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் எதுவானாலும் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் இறங்குகிறவன் முதலில் மேலே போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும், சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், தொங்கவில்லை என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். ஒருவன் பூட்டை இன்னொருவன் தொடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்றுதான் இவ்வளவு சுலபமாக வைத்திருக்கிறார்கள். அதிலேயே நாங்கள் இரண்டு பேரும் கோட்டை விட்டிருக்கிறோம்.

குழியில் இருப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் போலத்தான் இருப்பான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் எனக்கு ஹெல்ப்பர். அண்ணே அண்ணே என்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். மகள் பிறந்ததும் நான் வீட்டோடு இருந்துவிட்டேன். என் மனைவிக்கு அப்போது சம்பளம் அதிகம், யாராவது ஒருவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும், நான் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சொந்தக்காரர்கள்தான் என்னை விட அதிகமாக வெட்கப்பட்டார்கள். இந்த வருஷம் அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் அவளுடைய நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வீட்டு வாடகை குறையவில்லை. பழைய கம்பெனியில் போய் நின்றேன். முழுநேர வேலை காலியில்லை, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வேண்டுமானால் வா, மூன்று மாதம் பார்ப்போம் என்றார் மேனேஜர். மகளுக்குப் பன்னிரண்டரைக்குப் பள்ளி விடும். தைத்து வைத்த சட்டை மாதிரி பொருந்துகிறதே என்று நானும் மனைவியும் சந்தோஷப்பட்டோம்.

இப்போது அவசரம் எனக்கு சீனியர். நான் அவனுக்கு உதவியாள். வந்த முதல் நாளே எனக்குப் பாதி என்று பெயர் வைத்துவிட்டான். பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம், ஆகவே பாதி. ஐந்து வாரமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. சிரித்துவிட்டுப் போகிறவன் நான் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சீண்டுவான்.

இன்று வந்தது ஆறு மாடிக் கட்டடம். குழிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் லிஃப்ட் நின்றுவிடும், குழியில் நிற்கிறவனுக்கு அதுதான் உயிர். அந்தப் பொத்தான்தான் இங்கே செத்துப்போயிருந்தது. அதை மாற்றத்தான் வந்திருந்தோம். அதனால் இன்றைக்கு மெயின் சுவிட்சில் தொங்கும் பூட்டைத் தவிர வேறு பாதுகாப்பே கிடையாது. காலையில் ஆறு மாடி ஏறிப்போய் சுவிட்சை அணைத்து என் பூட்டை மாட்டிவிட்டு இறங்கினேன். நீயும் போய் உன்னுடையதை மாட்டிவிட்டு வா என்று அவனிடம் சொன்னேன். ஆறு மாடியா, உன் பூட்டு இருக்குல்ல, அது போதும் என்று குழிக்குள் குதித்துவிட்டான்.

அந்தக் காலமாக இருந்தால் காதைப் பிடித்து மேலே அனுப்பியிருப்பேன். இன்று வாயை மூடிக்கொண்டேன். சீனியரிடம் வாதாடி, அவன் மேனேஜரிடம் எதையாவது போட்டுக் கொடுத்து, மூன்று மாதம் ஒன்றரை மாதமாக முடிந்துவிட்டால் வீட்டில் என்ன சொல்வது? அந்தப் பயம்தான். வேறென்ன.

பதினொன்றரைக்கு ஒரு வயரை நான் தவறாகச் சொருகிவிட்டேன். பாதி ஆளுக்குப் பாதி மூளைதான் இருக்கும் என்று அவன் சிரித்தான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பன்னிரண்டு அடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் குழியை விட்டு ஏறி, நேராக மேலே போய், என் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் எங்கேயோ முறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான். நான் மேலிருந்து இறங்கியபோது, யார் கண்ணிலும் படாமல் வேலை செய்யலாம் என்று தரைத்தளக் கதவையும் உள்ளிருந்தே மூடிக்கொண்டிருந்தான்.

மடையன் என்று என்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தேன். அவசரத்தின் நம்பர் கிடைக்கவில்லை. குழிக்குள் சிக்னல் எங்கே இருக்கும்? கட்டட சூப்பர்வைசர் நம்பர் வேலைச் சீட்டில் இருந்தது, சீட்டு அவசரத்திடம் இருந்தது. எங்கள் ஆபீசுக்கு அடித்தேன். சாப்பாட்டு நேரம். ஒரு பெண் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன். பாட்டு போட்டார்கள்.

சூப்பர்வைசர் என்று நினைத்ததும்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது.

நான் கட்டடத்தை விட்டு வெளியே வரும்போது அந்த மனிதர் வாசலில் நின்றிருந்தார். மூன்றாவது மாடி பிசியோதெரபி கிளினிக்கில் எல்லாரும் முட்டிவலிக்காரர்கள், பன்னிரண்டரைக்கு அடுத்த கூட்டம் வரும், படியில் எப்படி ஏறுவார்கள் என்று காலையிலிருந்தே என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஓடும்போதும் என்னவோ கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வருஷக்கணக்காக எனக்கு அந்தப் பழக்கம். ஒரு மணி நேரத்துக்கு நூறு கேள்வி கேட்கிற பிள்ளையோடு இருந்து பாருங்கள். யானைக்குப் பல் வலிக்குமா? ம். நிலாவுக்குப் பசிக்குமா? ம். கேள்வி காதில் விழும், மண்டைக்குள் போகாது, தலை மட்டும் தானாக ஆடும்.

அவர் என்ன கேட்டார்? பள்ளி வாசலில் நின்று அந்தக் கேள்வியை மண்டையிலிருந்து பிடுங்கி எடுத்தேன். டீ குடித்துவிட்டு மேலே போய் சுவிட்சை நானே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷமா? ஆறு மாடி ஏற அந்த மனிதருக்கு இன்னொரு பத்து நிமிஷம். பருத்த உடம்பு, நின்று நின்று ஏறுவார். நான் கிளம்பி இருபது நிமிஷம் ஆகிவிட்டது. கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை.

கேட்டில் நிற்கும் அக்காவிடம் ஓடினேன். பாப்பா வந்தால் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆளின் உயிர் விஷயம் என்றேன். நேற்று நான் பத்து நிமிஷம் தாமதம், கடைசிப் பிள்ளையாக நின்று அழுதிருந்தாள். இன்றைக்கு முதல் ஆளாக நிற்பேன் என்று காலையில் விரல் கோத்துச் சத்தியம் செய்திருந்தேன். உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்கக் கேட்கவே ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

வழியில் மூன்று சிக்னல். முதலாவதில் பச்சை. இரண்டாவதில் சிவப்பு, நிற்கவில்லை, ஒரு லாரிக்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். மூன்றாவதில் முன்னால் ஒரு பஸ் அடைத்துக்கொண்டு நின்றது, எந்தப் பக்கமும் நுழைய முடியவில்லை. அங்கே நின்ற அந்த ஒரு நிமிஷத்தை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். அவசரத்தின் வீடு எனக்குத் தெரியும். அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், பெரியது என் மகள் வயது. அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொல்வேன்? உன் புருஷன் என்னைக் கேலி செய்தான், நான் கோபித்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டேன் என்றா? கடவுளே, அந்த சூப்பர்வைசர் இன்னொரு டீ சொல்லியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கட்டடத்துக்குள் ஸ்கூட்டரோடு நுழைந்து அப்படியே சாய்த்துப் போட்டேன். தரைத்தளத்தில் லிஃப்ட் முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கைத்தடியோடு ஒரு பெரியவர், முட்டியில் பட்டை போட்ட ஒரு அம்மா. அவர்கள் தலைக்கு மேலே கதவுச் சட்டத்தில் சிவப்பாக ஒரு எண் எரிந்துகொண்டிருந்தது. காலையில் அது அணைந்து கிடந்த இடம்.

ஆறு.

பக்கத்தில் அம்புக்குறி கீழே காட்டியது. நான் பார்க்கப் பார்க்க அது ஐந்தாகியது.

நகருங்கள் என்று கத்தினேன். அந்த அம்மா வரிசையில் வாங்க என்று சொல்வது கேட்டது. கதவின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், எங்களிடம் இருக்கும் மூன்று முனைச் சாவியை அதில் விட்டுத் திருப்பினால் கதவு திறக்கும். எந்த மாடியில் கதவு திறந்தாலும் ஓடுகிற லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும். சாவி என் கொத்தில் இருந்தது. கொத்து பையில் இருந்தது. பையில் மகளின் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, காலையில் அவள் போட மாட்டேன் என்ற தொப்பி, எல்லாம் இருந்தது. பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினேன். நாலு.

சாவியை ஓட்டையில் வைத்தேன். நழுவியது. இரண்டாவது தடவையும் முனை சரியாக உட்காரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம், அதோடு ஒரு மனிதக் குரல். இத்தனை பேர் நின்றும் அது யார் காதிலும் விழுந்திருக்கவில்லை. மூன்று. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன்.

டக்கென்று கதவு விட்டது. மேலே எங்கேயோ லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. உள்ளே இருந்தவர்கள் அலறி அபாய மணியை அமுக்க ஆரம்பித்தார்கள். அந்த மணிச்சத்தம் எனக்குத் தேனாக இருந்தது.

கதவைத் தள்ளி உள்ளே குனிந்தேன். அவசரம் குழியின் அடியில் மல்லாக்கப் படுத்திருந்தான். பக்கத்தில் இருக்கும் எடைக்கட்டிகள் மேலே ஏறுவதைப் பார்த்திருக்கிறான். அவை ஏறினால் லிஃப்ட் இறங்குகிறது என்று அர்த்தம். ஏணியில் ஏறிக் கதவைத் திறக்க நேரமில்லை. கத்தியிருக்கிறான், ஸ்பேனரால் லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைத் தட்டியிருக்கிறான். பிறகு படுத்துவிட்டான். பழைய கட்டடம், லிஃப்ட் தரைக்கு வந்தால் குழியில் மிஞ்சுகிற இடம் ஒரு முழம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது அவனுக்கும் தெரியும். கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"டேய், நான்தான்டா. நின்னுடுச்சு. எழுந்திரு, கையைக் குடு."

கண்ணைத் திறந்தான். என் முகம் அவனுக்கு உடனே புரியவில்லை. கையைக் கொடுத்தான், இழுத்து வெளியே போட்டேன். தரையில் உட்கார்ந்தவன் என் கையை விடவே இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது, சட்டை முழுக்க எண்ணெய்.

"அண்ணே" என்றான். ஐந்து வாரத்தில் அதுதான் முதல் தடவை.

குழியில் யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கதவை மூடினேன். லிஃப்ட் தானாகவே இறங்கி வந்தது. மூன்று பேர் வெளியே வந்து என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசர் படியிறங்கி மூச்சு வாங்க வந்தார், தரையில் உட்கார்ந்திருந்த அவசரத்தைப் பார்த்தார், விஷயம் அவருக்குப் புரிந்தது. நீங்கதானே தலையாட்டிட்டுப் போனீங்க என்று என்னைக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தப் பொத்தான் இல்லாமல் லிஃப்டை விட்டுப்போக மனம் வரவில்லை. நான் மேலே போய் சுவிட்சை அணைத்துப் பூட்டை மாட்டி, மிச்சமிருந்த வேலையைத் தனியாக முடித்து, பூட்டைக் கழற்றி, பொத்தானை மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். அவசரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஆபீசில் சொல்ல வேண்டாம் என்றான். அவன் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருக்கிறது, இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். எனக்கோ மூன்று மாதம் முடியவில்லை. கதவில் கோளாறு, அதனால் நின்றது என்று எழுதிவிடலாம், சூப்பர்வைசரும் வாயைத் திறக்க மாட்டார் என்றான். அவன் சொன்னதில் எதுவும் தப்பாக இல்லை. யாருக்கும் அடிபடவில்லை, மூன்று பேருக்கும் நல்லது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பள்ளி வாசலுக்குப் போனபோது மணி இரண்டே கால். வாசல் காலியாக இருந்தது. கேட் அக்கா தன் நாற்காலியை மகளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். மகள் அழவில்லை. அதுதான் என்னை ஏதோ செய்தது. அம்மாவுக்கு போன் பண்ணட்டுமா என்று அக்கா கேட்டாராம், இவள்தான் வேண்டாம் என்றாளாம்.

ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டேன்.

"அம்மா பாதியில வந்தா காசு புடிப்பாங்கல்ல" என்றாள்.

ஆறு வயது. நாங்கள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது அத்தனையும் கேட்டிருக்கிறாள். ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு ஓட்டினேன். வழியெல்லாம் கேள்வி. இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னேன். அவளுக்கே சந்தேகம் வந்து, அப்பா, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

மனைவி நாலு மணிக்கு வந்தாள். எதையும் மறைக்கவில்லை, பூட்டிலிருந்து தலையாட்டியது வரைக்கும் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றே கேட்டாள். அவசரம் சொன்ன யோசனையையும் சொன்னேன். நீ என்ன சொன்ன என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நீ சொல்லு, என்ன பண்ணட்டும்? வேலை போனால் அடுத்த மாசம் என்ன பண்றது? உனக்குத்தான் கணக்குத் தெரியும் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். அவள் மேல் என்ன கோபம் எனக்கு? பாரத்தை அவள் தலையில் இறக்கிவிடப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவள் பையைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சம்பளம் எனக்கு வேணும். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ இப்ப மூடி மறைச்சா, அவரு நாளைக்கும் பூட்டு மாட்ட மாட்டாரு, நீயும் ஒரு நாள் விட்டுடுவ. அடுத்த தடவை குழியில நீ இருப்ப. கேட்ல நின்னுட்டு இருக்கறது இவளா இருப்பா."

அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். குழாயை ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆபீசுக்குப் போனேன். மேனேஜரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஸ்கூட்டரில் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். அறைக் கதவைத் தட்டி உள்ளே போனால், அவசரம் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். எதிலும் முந்திக்கொள்ளும் பயல், இதிலும் முந்திவிட்டான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். மேனேஜர் மேசையில் ஒரு காகிதம், அவன் கையெழுத்தில். அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பூட்டு. கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை, சாவி உள்ளேயே கிடந்தது.

மேனேஜர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்போது கொடுத்தது என்று கேட்டார். அஞ்சு வருஷம் ஆகுது சார் என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டே.

நான் என் பூட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"அவன் மாட்டலைன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். என்னோடதை எடுக்கும்போது அவன்கிட்ட சொல்லவும் இல்ல. சூப்பர்வைசர் கேட்டப்போ தலையாட்டினதும் நான்தான்."

பத்து விதத்தில் இது எதுவுமே இல்லை. அப்படியே வந்துவிட்டது. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மேலிடத்தில் பேச வேண்டும், வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எட்டரை, ஒன்பது, பத்து. உள்ளே போன் பேச்சு நின்று நின்று ஓடியது. நடுவில் ஒரு தடவை மேனேஜர் வெளியே வந்தார், எங்களைப் பார்க்காமல் யாரோ ஒருவரின் அறைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தார், கதவைச் சாத்திக்கொண்டார். வேலை இருக்குமா போகுமா, இரண்டு பேருக்கும் போகுமா ஒருவனுக்கு மட்டுமா, ஒன்றும் தெரியவில்லை. டீ வாங்கி வரட்டுமா என்று அவன் கேட்டான். டீ என்ற வார்த்தையைக் கேட்டதும் இரண்டு பேருக்குமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம் என்றேன். பிறகு எதற்கென்றே தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தோம், சத்தம் வராமல்.

பதினோரு மணிக்கு அவன் தன் பெரிய பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நேற்று வீட்டுக்குப் போனதும் அது ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டதாம். தினமும் கட்டிக்கொள்கிற பிள்ளைதான். நேற்று அவனால் தாங்க முடியாமல் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டானாம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்ல வேண்டும் என்றான்.

பன்னிரண்டு ஆகியும் கதவு திறக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

"கிளம்புங்கண்ணே. பாப்பா நிக்கும். கூப்பிட்டா நான் சொல்றேன்."

எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வாசல் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்து அவன் முன்னால் நின்றேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"நான் போயிட்டு வரேன்" என்றேன்.

என்ன இது புதுசா என்பது போலப் பார்த்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

"சரிண்ணே. போயிட்டு வாங்க."

அதைக் காதால் கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.